தக்காளி நாற்றுத் தட்டில் பண்புசார் மாறியும் அளவுசார் மாறியும்: 40 செடிகளை அளக்கும் முறை

பூவின் நிறம் வகைகளாகப் பிரியும் பண்புசார் மாறி, செடியின் உயரம் எண்ணால் அளக்கும் அளவுசார் மாறி என்று பாடநூல் சொல்லி முடித்துவிடும். அளவுகோலை எடுத்துக்கொண்டு செடிகளின் முன் உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தண்டின் ஊதா நிறம் "உண்டு, இல்லை" என்ற இரண்டுக்குள் அடங்குமா, வெளிர், நடுத்தரம், அடர் என்று நீளுமா? சிற்றிலைகளை எண்ணினால் 5, 6, 7 என்று முழு எண்களாக வருகின்றன. அவை எந்தப் பக்கம் சேரும்? மயிரடர்த்திக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டால் எண் கிடைத்துவிடுகிறது. அதற்குச் சராசரி எடுக்கலாமா? இத்தனை கேள்விகளும் ஒரே தக்காளி நாற்றுத் தட்டில் எழும். விதைத்து நான்கு வாரத்தில் பதில்களும் கிடைத்துவிடும்.

முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இந்த இயல்பு செடிக்குச் செடி எப்படி மாறுகிறது: நடுவில் இடைவெளி விட்டுத் தனித்தனி வகைகளாகவா, படிப்படியாகத் தொடர்ந்தா? மற்றது, அதை நாம் எந்த அளவுகோலில் பதிவு செய்தோம்: பெயராகவா, வரிசைத் தரமாகவா, எண்ணிக்கையாகவா, அலகோடு கூடிய அளவாகவா? பெரும்பாலான குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. குறிப்பேட்டில் இலக்கம் இருப்பதாலேயே ஒரு மாறி அளவுசார் மாறி ஆகிவிடாது. சொல்லில் எழுதியிருப்பதாலேயே அதன் பின்னுள்ள இயல்பு பண்புசார்ந்தது என்றும் ஆகிவிடாது.

மரபியல் வரலாற்றிலேயே இரண்டு பக்கமும் சான்று உண்டு. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் உயரமும் ஓர் இயல்பு. உயரத்தை அடிக்கணக்கில் அளக்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நெட்டைச் செடிகள் 6 முதல் 7 அடி, குட்டைச் செடிகள் முக்கால் முதல் ஒன்றரை அடி. இடையில் எதுவும் இல்லை. அதனால்தான் இரண்டாம் தலைமுறையின் 1,064 செடிகளை 787 நெட்டை, 277 குட்டை என்று அவரால் எண்ணிப் பிரிக்க முடிந்தது. 2.84 : 1 என்ற அந்த விகிதம் பண்புசார் மாறி தரும் விடை. அதே சமயம் நெட்டைகளுக்குள் 6 அடிக்கும் 7 அடிக்கும் இடைப்பட்ட வேறுபாடு அளவுசார்ந்ததாகவே இருந்தது. மறுபக்கம், ஸ்வீடன் மரபியலாளர் நில்சன்-ஏலே 1909இல் ஆராய்ந்த கோதுமை மணியின் நிறம். நிறம் என்றதும் பண்புசார் மாறி என்று எழுதத் தோன்றும். ஆனால் அவருடைய ஒரு கலப்பில் மூன்று மரபணுக்கள் சேர்ந்து செயல்பட்டன. இரண்டாம் தலைமுறையில் 63 பங்கு சிவப்பு, 1 பங்கு வெள்ளை. அந்தச் சிவப்புக்குள்ளேயே அடர்நிறம் முதல் மிக வெளிர் வரை படிகள் இருந்தன. சூழலின் தாக்கமும் சேர்ந்தால் அந்தப் படிகளின் எல்லை அழிந்து ஒரே தொடர்ச்சியாகிவிடும். ஆக, உயரம் வகையாகவும் நடக்கும், நிறம் அளவாகவும் நடக்கும். எது எது என்பதைத் தட்டில் உள்ள செடிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தேவையானவை

இரண்டு தக்காளி வகைகளின் விதை, ஒவ்வொன்றிலும் 24. ஒன்று விளிம்பில் மடல்கள் உள்ள சாதாரண இலை வகை. மற்றது மடலில்லாத விளிம்பு கொண்ட உருளைக்கிழங்கு இலை வகை. இந்த வேறுபாட்டை முக்கியமாக ஒரே மரபணு தீர்மானிக்கிறது, உருளைக்கிழங்கு இலை ஒடுங்கு பண்பு, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு பண்புசார் மாறி தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 50 குழி நாற்றுத்தட்டு ஒன்று, மி.மீ. குறியிட்ட அளவுகோல், டிஜிட்டல் வெர்னியர், 10 மடங்கு கைலென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, பிளாஸ்டிக் அடையாளச் சில்லுகள், பென்சில். சில்லில் பேனாவால் எழுதாதீர்கள். வெயிலும் தண்ணீரும் பட்டு மை வெளுக்கும், பென்சில் எழுத்து நிற்கும்.

கடையில் கிடைக்கும் அளவுகோல் பலவற்றில் 0 கோட்டுக்கு முன் சில மி.மீ. வெற்று விளிம்பு இருக்கும். அதை 0 கோடு வரை வெட்டித் தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லா அளவும் ஒரே அளவு குறையும். எல்லாவற்றிலும் ஒரே பிழை என்பதால் பின்னால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

48 துண்டுச் சீட்டில் 1 முதல் 48 வரை எழுதிக் குலுக்குங்கள். முதலில் வரும் 24 எண்கள் ஒரு வகைக்கு, மீதி மற்றதற்கு. எந்தக் குழியில் எந்த வகை என்ற பட்டியல் தனித் தாளில் மூடியிருக்கட்டும். சில்லில் குழி எண் மட்டும். வகையின் பெயர் கண்ணில் பட்டால், மதிப்பெண் போடும் கை அதற்கேற்பச் சாயும். இலையின் வடிவம் எப்படியும் வகையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கண்ணால் மதிப்பிடும் இயல்புகளை இலை வடிவம் தெளியும் முன்னரோ, இலைகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டோ பதிய வேண்டும்.

விதைக்கும் ஆழம் 8 மி.மீ., எல்லாக் குழியிலும் ஒன்றுபோல. ஆழம் மாறினால் முளைக்கும் நாள் மாறும், முளைக்கும் நாள் மாறினால் நான்காம் வார உயரம் மாறும். தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வையுங்கள்.

முளைப்புக்காலப் பதிவுகள்

முளைத்தது, முளைக்கவில்லை: இரண்டே நிலை. இது பண்புசார் மாறி. "முளைப்பு 87.5 விழுக்காடு" என்று எழுதும்போது அது எண் ஆகிறது. ஆனால் அந்த எண் தட்டுக்கு உரியது, விதைக்கு உரியது அல்ல. ஒரு விதை 87.5 விழுக்காடு முளைப்பதில்லை. விழுக்காட்டை எழுதும் இடத்தில் 48இல் 42 என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள். 8இல் 7 முளைத்தாலும் அதே விழுக்காடுதான், நம்பகம் அதே அளவு அல்ல.

முளைக்க எடுத்த நாட்கள் அளவுசார் மாறி. காலம் தொடர்ச்சியாக ஓடினாலும் நாளுக்கு ஒருமுறை பார்ப்பதால் முழு எண்ணாகவே பதிவாகிறது. தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒரு நாள் காலையும் மறுநாள் மாலையும் பார்த்தால் அந்த "ஒரு நாள்" உண்மையில் ஒன்றரை நாள்.

வித்திலைகள் விரிந்து முதல் உண்மை இலை எட்டிப் பார்க்கும்போதே வித்திலைக் கீழ்த்தண்டின் ஊதா நிறத்தைப் பதிந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு தடித்து நிறம் மங்கும். இந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. அது சுத்தமாக இல்லாமல் போவது ஒரு மரபணு பழுதானதாலும் இருக்கலாம், அப்படிப்பட்ட செடியில் "உண்டு, இல்லை" என்பது சரியான பண்புசார் மாறி. ஆனால் நிறம் உள்ள செடிகளுக்குள் எவ்வளவு அடர்த்தி என்பது ஒளி, வெப்பம், ஊட்டம் மூன்றையும் பொறுத்தது. வெளிச்சம் குறைந்த மூலையில் வளர்ந்த நாற்று வெளிர்ந்துவிடும். குளிரிலும் பாஸ்பரஸ் பற்றாக்குறையிலும் இலையின் அடிப்பக்கம்கூட ஊதாவாகும். எனவே இரண்டு நிரல் வைப்பதே நல்லது: முதலாவதில் நிறம் உண்டா இல்லையா, அடுத்ததில் உண்டு என்ற செடிகளுக்கு மட்டும் வெளிர், நடுத்தரம், அடர். இரண்டையும் ஒன்றாக்கி 0, 1, 2, 3 என்று எழுதினால், 0க்கும் 1க்கும் நடுவில் உள்ள மரபணு வேறுபாடும், 1க்கும் 2க்கும் நடுவில் உள்ள வெளிச்ச வேறுபாடும் ஒரே படி போலத் தோன்றும்.

இருபத்தெட்டாம் நாள் அளவுகள்

முளைத்தவற்றில் வகைக்கு 20 செடிகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். நோஞ்சான் செடிகளைக் கழித்துவிட்டு நல்லவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நாற்று நடுவதற்குச் சரி. அளவுக்கு அது கேடு. பரவலின் ஒரு வாலை வெட்டிவிட்டுத் திட்ட விலக்கம் கணக்கிட்டதாகிவிடும்.

இலை வகையை மூன்றாம் அல்லது நான்காம் உண்மை இலையில் பாருங்கள். முதல் இரண்டு இலைகள் எல்லா வகையிலும் எளிய வடிவில் இருப்பதால் ஏமாற்றும்.

உயரத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அந்த நிரல் வீண். மண் மட்டத்திலிருந்து அளக்கவே எல்லோருக்கும் தோன்றும். தண்ணீர் ஊற்ற ஊற்ற நாற்று ஊடகம் அமிழ்ந்து மண் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் குழிக்குக் குழி வேறு அளவில். வித்திலைக் கணுவிலிருந்து தண்டின் வளர்நுனி வரை அளப்பது உறுதியானது. வித்திலை உதிர்ந்திருந்தாலும் அதன் வடு தெரியும். மேலே நிமிர்ந்து நிற்கும் இலை நுனியைத் தண்டின் நுனியாக எடுத்துவிடாதீர்கள். காலையில் நிமிரும் இலை மதியம் தொங்கும்.

தண்டின் தடிப்பை வித்திலைக்கும் மண்ணுக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து சராசரி எழுதுங்கள், ஏனென்றால் தண்டு முழு வட்டம் அல்ல. வெர்னியர் 0.01 மி.மீ. வரை காட்டும். இளந்தண்டில் அந்தக் கடைசி இலக்கம் கையின் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. 0.1 மி.மீ.க்கு முழுமையாக்கி எழுதினால் போதும்.

இனி சிற்றிலைகளின் எண்ணிக்கை. பலருக்கும் சறுக்குவது இங்கேதான். எண்ணிக்கை என்பதால் பிழையே வராது என்று தோன்றும். ஆனால் தக்காளியின் கூட்டிலையில் பெரிய சிற்றிலைகளுக்கு நடுவே மிகச் சிறியவையும் முளைக்கும். பெரியவற்றின் காம்பிலேயே இன்னும் சிறியவை தோன்றுவதும் உண்டு. எதை எண்ணுவது? நடுக்காம்பிலிருந்து நேரே கிளைக்க வேண்டும், நீளம் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நுனிச் சிற்றிலையும் கணக்கில் சேரும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். வேறு விதியும் வைக்கலாம், எல்லாச் செடிக்கும் அதே விதியாக இருந்தால் போதும். அதோடு, எப்போதும் கீழிருந்து மூன்றாவது உண்மை இலையையே எண்ணுங்கள். மேலே போகப்போகச் சிற்றிலைகள் கூடும் என்பதால், ஒரு செடியில் மூன்றாம் இலையையும் இன்னொன்றில் ஐந்தாம் இலையையும் எண்ணினால் இலையின் வயதைத்தான் அளந்திருப்போம். இந்த எண்ணிக்கை அளவுசார் மாறி, அதிலும் தனித்த மாறி, அதாவது முழு எண்களை மட்டும் எடுப்பது. 5க்கும் 7க்கும் உள்ள வேறுபாடு "இரண்டு சிற்றிலை" என்று பொருள் தருகிறது அல்லவா, அளவுசார் மாறி என்பதற்கு அதுவே சோதனை. 6.4 சிற்றிலை கொண்ட செடி கிடையாது. 20 செடிகளின் சராசரி 6.4 என்பதில் தவறில்லை.

மயிரடர்த்தியை இரண்டு விதமாகப் பதியுங்கள், ஏனென்றால் முன்னே சொன்ன இரண்டு கேள்விகளும் இதில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலில் கண்ணால் அரிது, நடுத்தரம், அடர்த்தி. இதற்கு முன்பே மூன்று மாதிரித் தண்டுகளைப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் முதல் செடிக்கும் நாற்பதாம் செடிக்கும் ஒரே அளவுகோல் இருக்கும். பிறகு தண்டைக் கறுப்புத் தாளின் முன் பிடித்து, கைலென்ஸ் வழியாக, ஒரு பக்க விளிம்பில் 5 மி.மீ. நீளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட மயிர்களை எண்ணுங்கள். இயல்பு ஒன்றுதான். ஆனால் முதல் நிரல் தரவரிசை, இரண்டாவது எண்ணிக்கை. அரிதுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள தூரமும், நடுத்தரத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள தூரமும் சமம் என்று முதல் நிரல் சொல்லவில்லை. இரண்டாவது நிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை சமமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

புதிய பயிர் வகைகளைப் பதிவு செய்வதில் யூபோவ் (UPOV) என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டிகள் இதை நேர்மையாகக் கையாள்கின்றன. தண்டின் நீளத்தை மிகக் குட்டை 1, குட்டை 3, நடுத்தரம் 5, நீளம் 7, மிக நீளம் 9 என்று குறித்தாலும் அந்த இயல்பை அளவுசார்ந்தது என்றே வகைப்படுத்துவார்கள். ஆண் செடி, பெண் செடி போன்றவை பண்புசார்ந்தவை. மூன்றாவதாகப் போலிப் பண்புசார் இயல்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: இலையின் வடிவம் போல, தொடர்ச்சியாக மாறினாலும் ஒரே கோட்டில் வரிசைப்படுத்த முடியாதவை. முட்டை வடிவம், நீள்வட்டம், வட்டம், தலைகீழ் முட்டை என்பவற்றில் நீள அகல விகிதமும் மாறுகிறது, அகலமான பகுதி இருக்கும் இடமும் மாறுகிறது. நீள அகல விகிதத்தை மட்டும் எடுத்தால் அது அளவுசார் மாறி. வடிவத்தின் பெயரை எழுதினால் வகை.

எடை கடைசி வேலை, செடியை வெட்டித்தான் எடுக்க முடியும். வித்திலைக் கணுவில் வெட்டி உடனே தராசில் வையுங்கள். மேசையில் கிடக்கக் கிடக்க நீர் இறங்கி எடை குறையும். 40 செடிகளையும் முதலில் வெட்டிக் குவித்துவிட்டு ஒவ்வொன்றாக எடை போட்டால், கடைசிச் செடியின் எடையில் அது காத்திருந்த நேரமும் கலந்திருக்கும்.

நிரல்களை எழுதும் விதம்

ஒரு செடிக்கு ஒரு வரி, ஒரு இயல்புக்கு ஒரு நிரல். அலகு நிரலின் தலைப்பில் மட்டும் இருக்கட்டும். ஒரே ஒரு கட்டத்தில் "12 செ.மீ." என்று அலகோடு எழுதிவிட்டால் மென்பொருள் முழு நிரலையுமே சொல்லாகப் படிக்கக்கூடும். வரிசைப்படுத்தினால் 9 என்பது 15க்குப் பிறகு வருகிறது என்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அப்படிப்பட்ட நிரல் காரணி வகையாகிவிட்டால், அதாவது மதிப்புகளை வகைப் பெயர்களாக வைத்துக்கொண்டால், அதை நேரே எண்ணாக மாற்றும்போது 12, 15, 9 என்ற மதிப்புகளுக்குப் பதிலாக 1, 2, 3 என்ற வகை வரிசை எண்கள் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் எழுத்தாக மாற்றி, பிறகு எண்ணாக மாற்ற வேண்டும்.

பண்புசார் நிரலில் இலக்கத்தைக் குறியீடாகப் போடாமல் சொல்லையே எழுதுவது பாதுகாப்பு. சாதாரண இலை 1, உருளைக்கிழங்கு இலை 2 என்று போட்டால் "சராசரி இலை வகை 1.5" என்று கணினி தயங்காமல் சொல்லும். மயிர் இல்லாத தண்டுக்கு 0, அளக்க முடியாமல் போன தண்டுக்கு வெற்றுக் கட்டம். இவ்விரண்டையும் கலந்துவிட்டால் சராசரி அமைதியாகக் கெட்டுப்போகும்.

இருமுறை சோதனை

எல்லாம் முடிந்ததும், வெட்டுவதற்கு முன், 10 செடிகளைக் குலுக்கி எடுத்து, முதல் பதிவைப் பார்க்காமல் மீண்டும் உயரம் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, 20ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அளவுப் பிழை கிடைக்கும். அது 2 மி.மீ. என்று வந்தால் 1 மி.மீ. வேறுபாடுள்ள இரண்டு செடிகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கண்ணால் போட்ட தரங்களுக்கு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 செடிகளில் 34இல் இருவரும் ஒத்துப்போனால் ஒத்துப்போன பங்கு 0.85. ஆனால் இருவருமே 10 அரிது, 20 நடுத்தரம், 10 அடர்த்தி என்று போட்டிருந்தால், குருட்டாம்போக்கில் போட்டாலே 0.375 பங்கு (0.25 × 0.25 + 0.5 × 0.5 + 0.25 × 0.25) ஒத்துப்போகும். 0.85இலிருந்து அதைக் கழித்து, 1இலிருந்து 0.375ஐக் கழித்து வரும் 0.625ஆல் வகுத்தால் 0.76. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த இந்த அளவுதான் கோஹனின் கப்பா. இலை வகை நிரலில் இது 1ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ ஒருவர் முதல் இலையைப் பார்த்திருக்கிறார்.

படம் வரைந்து பார்த்தல்

இலை வகைக்குப் பட்டை விளக்கப்படம், பட்டைகளுக்கு நடுவே இடைவெளி. உயரத்துக்குச் செவ்வகங்கள் ஒட்டி நிற்கும் நிகழ்வுச் செவ்வகப்படம். 40 செடிக்கு 6 அல்லது 7 பிரிவுகள் போதும். உயரங்கள் 62 முதல் 118 மி.மீ. வரை இருந்தால், பரவல் 56, பிரிவுக்கு 8 மி.மீ.

படத்தில் இடைவெளி தெரிந்தால் உடனே "இரண்டு வகை" என்று எழுதிவிடாதீர்கள். 50, 55, 60 ஆகிய இடங்களில் மட்டும் கம்பங்கள் உயர்ந்திருந்தால், அளந்தவர் 5க்கும் 0க்கும் முழுமையாக்கிவிட்டார். சிற்றிலை எண்ணிக்கைக்குப் பிரிவின் அகலத்தை 0.7 என்று மென்பொருள் தானே தேர்ந்திருந்தால் நடுநடுவே வெற்றுப் பிரிவு வரும், அகலத்தை 1 ஆக்கினால் மறையும். உயரத்தில் உண்மையாகவே இரண்டு முகடு தெரிந்தால், இரண்டு வகைகளையும் தனித்தனியாக வரையுங்கள், பிறகு தாமதமாக முளைத்தவற்றைத் தனியாக வரையுங்கள். அப்போது முகடுகள் பிரிந்துவிட்டால் காரணம் வெளியில் இருக்கிறது. இரண்டு முகடு இருந்தும் நடுவில் செடிகள் விரவியிருந்தால் அது அளவுசார் மாறியாகவே இருக்கட்டும். மெண்டலின் பட்டாணியில் நடுவில் ஒரு செடிகூட இல்லாததால்தான் பிரிக்க முடிந்தது.

உயரத்தைக் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று வெட்டிப் போடும் ஆசையும் வரும், அட்டவணை அழகாக இருக்கும் என்பதால். எல்லை 80 மி.மீ. என்றால் 79ம் 81ம் வேறு வேறு வகை, 81ம் 99ம் ஒரே வகை. அளந்து பெற்ற தகவலைத் திரும்பிக் கிடைக்காதபடி தூக்கிப்போடுவது அது. மி.மீ. நிரலை அப்படியே வைத்திருங்கள், தேவைப்பட்டால் வகைப்படுத்தியதைப் புதிய நிரலாகச் சேர்க்கலாம்.

கணக்கு இனி நிரலின் வகையைப் பின்பற்றிப் போகும். இலை வகை ஒவ்வொன்றிலும் உயரம் எவ்வளவு என்றால் சராசரியும் திட்ட விலக்கமும், ஒப்பிட டி சோதனை. மயிரின் தரவரிசைக்கு இடைநிலை மதிப்பும் மான்-விட்னி சோதனையும். இலை வகைக்கும் ஊதா நிறத்துக்கும் தொடர்பு பார்க்க எண்ணிக்கை அட்டவணையும் கை-வர்க்கச் சோதனையும், எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஏதாவது ஒரு கட்டத்தில் 5க்குக் கீழே போனால் ஃபிஷர் சோதனை. உருளைக்கிழங்கு இலையில் சிற்றிலைகளும் குறைவாகவே வரும். அதனால் இலை வகையும் சிற்றிலை எண்ணிக்கையும் இரண்டு தனிச் சான்றுகள் அல்ல, ஒரே மரபணுவின் விளைவு இரண்டு நிரல்களில் பதிவாகியிருக்கிறது.

எடைக்கு வெட்டாமல் சில செடிகளைக் காய்ப்பு வரை வளர்ப்பவர்கள், பழத்தை அகலமான இடத்தில் குறுக்கே வெட்டி, விதைகள் இருக்கும் சூலறைகளை எண்ணலாம். சிறுபழ வகைகளில் பெரும்பாலும் 2 என்றே வந்துகொண்டிருக்கும், பெரும்பழ வகைகளில் பழத்துக்குப் பழம் மாறும். சுவர் நடுவரை எட்டாத அரைகுறை அறையைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முதல் பழத்தை வெட்டுமுன் எழுதி வையுங்கள். பழத்தின் நிறத்தைக் கைபேசிச் செயலியால் 0 முதல் 360 பாகை வரையான நிறக்கோணமாக அளந்தால் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. சிவப்பு அந்த வட்டத்தின் தொடக்கத்தில் இருப்பதால் ஒரு பழம் 355 என்றும் அடுத்தது 5 என்றும் வரும். இரண்டும் சிவப்பு. சராசரி 180 என்று வந்தால் அது பச்சையும் நீலமும் கலந்த நிறம். கோணங்களுக்கு வட்டச் சராசரிதான் போட வேண்டும்: சைன்களின் சராசரியையும் கொசைன்களின் சராசரியையும் தனித்தனியாக எடுத்து, அவற்றிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெற்றால் 0 பாகை, அதாவது சிவப்பு, சரியாகக் கிடைக்கும்.